டேபிள் டென்னிஸில் கிராண்ட் ஸ்லாம்: மா லோங்கின் ஆட்ட வாழ்க்கை வழியாக ஓர் எளிய விளக்கம்

டேபிள் டென்னிஸ் ஒற்றையர் பிரிவில் மூன்று பட்டங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பேசப்படுகின்றன. ஒலிம்பிக் தங்கம் ஒன்று; உலகச் சாம்பியன்ஷிப் பட்டம் மற்றொன்று; உலகக் கோப்பை மூன்றாவது. ஒரு வீரர் தம் ஆட்டக் காலத்துக்குள் இம்மூன்றையும் ஒரு முறையாவது வென்றுவிட்டால் அவரைக் கிராண்ட் ஸ்லாம் வென்றவர் என்கிறார்கள். ஒரே ஆண்டுக்குள் எல்லாவற்றையும் வெல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் கணக்கில் சேரும். அப்படியிருந்தும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்தபோது ஆண்களில் ஆறு பேரும் பெண்களில் ஐந்து பேரும் மட்டுமே இதை எட்டியிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஸ்வீடனின் யான்-ஓவே வால்ட்னரைத் தவிர மற்ற பத்துப் பேரும் சீனர்கள்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும் புதியவருக்கு, சீனாவில் பிறந்து மட்டையைப் பிடித்தால் இந்தச் சாதனை தானாக வந்துவிடும் என்று தோன்றக்கூடும். என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. சீன வீரருக்குப் பயிற்சி, பயிற்சியாளர், வசதி எல்லாம் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் கிராண்ட் ஸ்லாமுக்குத் தேவையான அந்த மூன்று போட்டிகளிலும் களமிறங்குவதற்கே அவர் முதலில் தம் நாட்டவரை வென்றாக வேண்டும், களமிறங்கிய பிறகும் கடைசிச் சுற்றுகளில் பெரும்பாலும் அதே நாட்டவரைத்தான் எதிர்கொண்டாக வேண்டும். இதை நன்றாக விளங்கிக்கொள்ள மா லோங்கின் ஆட்ட வாழ்க்கையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

முதலில் மூன்று போட்டிகளையும் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. உலகச் சாம்பியன்ஷிப் மிகப் பழையது; 1926இல் லண்டனில் தொடங்கியது. இப்போது அதன் தனிநபர் பிரிவுகள் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கின்றன. ஆண்கள் உலகக் கோப்பை 1980இலும், பெண்கள் உலகக் கோப்பை 1996இலும் தொடங்கின. ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் 1988 சியோல் போட்டியில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே 1960களின் பெரும் வீரர்களுக்குக் கிராண்ட் ஸ்லாம் என்ற பேச்சே கிடையாது. 1961, 1963, 1965 என மூன்று முறை தொடர்ந்து உலகச் சாம்பியனான சீனாவின் ஜுவாங் சேடோங்குக்கு ஒலிம்பிக்கும் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை. மூன்றையும் முதன்முதலில் சேர்த்தவர் வால்ட்னர். 1989இல் உலகச் சாம்பியன், 1990இல் உலகக் கோப்பை, 1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கம். சீன ஆண்களில் லியூ குவோலியாங் 1999இலும், கோங் லிங்ஹுய் 2000இலும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

மூன்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதைக் கோங் லிங்ஹுய்க்கு அடுத்து வந்த தலைமுறை காட்டுகிறது. 2000களில் வாங் லிச்சின், மா லின், வாங் ஹாவ் என்ற மூவர் சீன அணியைத் தாங்கினார்கள். வாங் லிச்சின் 2001, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன்; ஆனால் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கமும் உலகக் கோப்பையும் அவருக்குக் கிடைக்கவில்லை. மா லின் உலகக் கோப்பையை நான்கு முறையும் 2008இல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பிலோ 1999, 2005, 2007 என மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றார். மூன்று முறையும் அவரைத் தோற்கடித்தவர்கள் சீனர்களே: முதலில் லியூ குவோலியாங், பிறகு இரண்டு முறை வாங் லிச்சின். வாங் ஹாவ் உலகச் சாம்பியனும் ஆனார், உலகக் கோப்பையையும் வென்றார். ஆனால் 2004, 2008, 2012 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை வந்து வெள்ளியோடு திரும்பினார். ஒருவருக்கு இல்லாதது இன்னொருவரிடம் இருந்தது. ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டதால் மூவரில் ஒருவருக்கும் அந்த வட்டம் நிறைவடையவில்லை. இவர்களுக்குப் பின்னால், வரிசையில் நான்காவதாக நின்ற இளைஞர்தான் மா லோங்.

அவர் 1988 அக்டோபர் 20 அன்று, வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அன்ஷான் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தார்; பதின்ம வயதின் தொடக்கத்திலேயே வீட்டைவிட்டுப் பெய்ஜிங்குக்குப் பயிற்சிக்குச் சென்றார்; 2003இல் தேசிய அணியில் சேர்ந்தார். சீனாவில் ஒரு சிறுவன் நகர விளையாட்டுப் பள்ளியில் தொடங்கி, மாகாண அணிக்கும், அதன் பிறகு தேசிய இரண்டாம் அணிக்கும், கடைசியாக முதல் அணிக்கும் படிப்படியாக ஏறுகிறான். ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானோர் வடிகட்டப்படுகிறார்கள். மா லோங் இந்தப் படிகளை மிக விரைவாக ஏறியவர். 2004இல் உலக இளையோர் சாம்பியன் ஆனார். 2006இல் ஜெர்மனியின் பிரேமனில் உலக அணிச் சாம்பியன்ஷிப்பை வென்ற சீன அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 17.

அந்த வேகத்தைப் பார்த்தவர்கள், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் எல்லாவற்றையும் வென்றுவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் முதல் உலக ஒற்றையர் பட்டத்துக்கு அவர் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 யோகோஹாமா, 2011 ராட்டர்டாம், 2013 பாரிஸ் என்று தொடர்ந்து மூன்று உலகச் சாம்பியன்ஷிப்களில் அவர் அரையிறுதிக்கு வந்தார். மூன்று முறையும் வாங் ஹாவிடமே தோற்றார். பேனா பிடிப்பது போல மட்டையைப் பிடித்து, அதன் பின்பக்கத்தாலேயே பேக்ஹேண்ட் (மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது) அடிக்கும் முறையை முழுமையாக வளர்த்தெடுத்தவர் வாங் ஹாவ். சாதாரணப் போட்டிகளில் எவரையும் வென்ற மா லோங்குக்குப் பெரிய மேடையில் மனம் இறுகிவிடுகிறது என்ற விமர்சனம் அந்த ஆண்டுகளில் சீனாவில் பரவலாக எழுந்தது. அந்த விமர்சனத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. மூன்று அரையிறுதிகளுக்கு வருவதே பெரிது. ஆனாலும் ஒரே ஆளிடம் ஒரே கட்டத்தில் மூன்று முறை தோற்பது ஒரு வீரரின் உள்ளத்தை எவ்வளவு அரித்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒலிம்பிக் விதி ஒன்றையும் விளக்கியாக வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு நாடு ஒற்றையர் பிரிவுக்கு மூன்று பேரை அனுப்ப முடிந்தது. ஆண்கள் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் சீனாவே வாரிக்கொண்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் முதல் அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அணிப் பிரிவுக்கு மூன்று பேர் தேவை. அவர்களில் இருவர்தான் ஒற்றையர் ஆட முடியும். லண்டனில் அந்த இரண்டு இடங்கள் ஜாங் ஜிகேவுக்கும் வாங் ஹாவுக்கும் சென்றன. மா லோங் அணிப் பிரிவில் மட்டும் ஆடித் தங்கம் பெற்றார். அவரைவிட வயதில் சில மாதங்களே மூத்த ஜாங் ஜிகே, 2011 மே மாதம் உலகச் சாம்பியன், அதே ஆண்டு நவம்பரில் உலகக் கோப்பை, 2012 ஆகஸ்டில் ஒலிம்பிக் தங்கம் என்று 445 நாள்களில் கிராண்ட் ஸ்லாமை முடித்துவிட்டார். இந்த விதியின் கடுமைக்கு இன்னொரு சான்று சூ சின். உலகக் கோப்பையை வென்றவர், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். ஆயினும் ஒலிம்பிக் ஒற்றையர் பிரிவில் அவர் ஒரு முறைகூட ஆடியதில்லை. அவர் சிறந்து விளங்கிய ஆண்டுகளில் அவருக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள்.

மா லோங்கின் கணக்கு 2012இல் லிவர்பூலில் தொடங்கியது. அங்கே நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் டிமோ போலை வென்றார். மூன்றில் ஒன்று கைக்கு வந்தது. அடுத்ததற்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் என்ன மாறியது என்று கேட்டால், அவருடைய ஆட்டமும் மாறியது, பந்தும் மாறியது. மா லோங் கைகுலுக்குவது போல மட்டையைப் பிடிக்கும் வலது கை ஆட்டக்காரர். அவருடைய பெரும் பலம் ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது. சீன வீரர்கள் பெரும்பாலும் மட்டையின் ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவும் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் கடினமாகவும் இருக்கும் ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பியர்களும் ஜப்பானியர்களும் விரும்பும் ரப்பர் தானாகவே பந்தை எகிறச் செய்யும்; சீன ரப்பர் அப்படிச் செய்யாது. கால், இடுப்பு, தோள் என முழு உடலையும் சுழற்றி அடித்தால்தான் அதிலிருந்து வேகம் பிறக்கும். அப்படி அடித்தால் பந்தின் மேல் கிடைக்கும் சுழற்சியும் மிகக் கனமாக இருக்கும். ஆகவே இந்த முறையில் ஆடுபவருக்கு ஒவ்வொரு அடிக்கும் முன்பே கால்கள் சரியான இடத்துக்குச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். மா லோங்கின் ஆட்டத்தில் புதியவர் முதலில் கவனிக்க வேண்டியது அவருடைய கைகளை அல்ல, கால்களை.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது மூன்றாம் பந்துத் தாக்குதல். சர்வீஸ் போடுவது முதல் பந்து; எதிராளி அதைத் திருப்புவது இரண்டாவது; அதை அடிப்பது மூன்றாவது. மா லோங் சர்வீஸ் போடும்போதே அது எங்கே, எந்த உயரத்தில் திரும்பி வரும் என்பதைக் கணித்துத் தாக்கும் நிலையில் நின்றிருப்பார். ஒரே கை அசைவில் கீழ்ச்சுழற்சியும் போடுவார், சுழற்சியே இல்லாத பந்தும் போடுவார். எதிராளிக்கு வேறுபாடு தெரிவதற்குள் பந்து மட்டையைத் தொட்டுவிடும். சுழற்சியைத் தவறாகக் கணித்தவர் வலையில் அடிப்பார், அல்லது பந்தை உயர்த்திக் கொடுத்துவிடுவார். இளமையில் பேக்ஹேண்ட் அவருக்குப் பலவீனமான பக்கமாக இருந்தது. அதைப் பொறுமையாகச் சரிசெய்துகொண்டார். 2014இல் செல்லுலாய்டு பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து வந்தது; புதிய பந்தில் சுழற்சி சற்றுக் குறைவு. சுழற்சியை மட்டும் நம்பி ஆடியவர்கள் தடுமாறியபோது, உடல் வலிமையும் கால் வேகமும் அடியின் தரமும் உள்ளவர்களுக்கு அது சாதகமாக அமைந்தது. பின்னாளில் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி, வீரர்களின் திறன்களை அறுகோண வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்டியபோது, மா லோங்கின் வரைபடம் ஆறு மூலைகளையும் தொட்டு நிறைந்திருந்தது. அதிலிருந்து பிறந்த ‘அறுகோணப் போராளி’ என்ற பெயர், எல்லாத் துறைகளிலும் குறையில்லாத ஒருவரைக் குறிக்க இன்று சீனாவில் அன்றாடப் பேச்சிலும் வழங்குகிறது.

2015 மே மாதம் சீனாவின் சுசோ நகரில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் ஃபாங் போ, சக நாட்டவர், அரையிறுதியில் ஜாங் ஜிகேவை வீழ்த்தி வந்தவர். மா லோங் 4-2 என்று வென்றதும் மேசையின் மேல் ஏறி நின்று முழங்கினார். பொதுவாக உணர்ச்சியை வெளிக்காட்டாத ஒருவர் அப்படிச் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று அரையிறுதிகளின் பாரம் புரிந்திருக்கும். அதே ஆண்டு ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாடில் ஃபான் ஜென்டோங்கை வென்று இரண்டாவது உலகக் கோப்பையையும் பெற்றார். 2015 மார்ச் முதல் 2017 டிசம்பர் வரை 34 மாதங்கள் இடைவிடாமல் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். தம் ஆட்டக் காலம் முழுவதும் அவர் அந்த இடத்தில் இருந்த மாதங்கள் மொத்தம் 64.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இரண்டு ஒற்றையர் இடங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. முன்காலிறுதியில் தென் கொரியாவின் ஜியோங் யங்-சிக் முதல் இரண்டு செட்களையும் பறித்துக்கொண்டபோது எல்லாம் கைநழுவிப் போகும் போலிருந்தது. அடுத்த நான்கு செட்களையும் எடுத்து 4-2 என்று மீண்டார். அரையிறுதியில் ஜப்பானின் ஜுன் மிசுதானியையும் அதே கணக்கில் வென்றார். இறுதியில் எதிராளி, லண்டனில் தங்கம் வென்ற அதே ஜாங் ஜிகே. அந்த ஆட்டம் 4-0 என முடிந்தது; மா லோங்கின் கிராண்ட் ஸ்லாம் நிறைவுற்றது. அப்போது அவருக்கு வயது 27.

நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்த சாதனை என்று இதை நிறுத்திவிடலாம். ஆனால் மா லோங்கைத் தனித்துக் காட்டுவது இதற்குப் பிறகு அவர் செய்தவை. 2017இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஃபான் ஜென்டோங்கை எதிர்கொண்டார். ஃபான் அவரைவிட எட்டு வயதுக்கும் மேல் இளையவர். மா லோங் 3-1 என்று முன்னிலை பெற்றார். ஃபான் 3-3 என்று சமன் செய்தார். ஏழாவது செட் 10-10 வரை சென்று 12-10 என மா லோங்குக்குச் சாய்ந்தது. ஒரு செட்டுக்கு 11 புள்ளிகள் போதும், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும் என்ற விதி எவ்வளவு கொடிய சோதனை என்பதைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இந்த ஆட்டத்தின் கடைசிச் செட்டையாவது பார்க்க வேண்டும். நான் பார்த்த டேபிள் டென்னிஸ் ஆட்டங்களில் இதற்கு இணையாக மிகச் சிலவற்றையே சொல்வேன்.

பிறகு முழங்கால் வலி வந்தது. 2018இன் பிற்பகுதியிலிருந்து மாதக்கணக்கில் போட்டிகளில் ஆட முடியவில்லை, தரவரிசையில் இறங்கினார். 2019இல் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வந்தபோது போட்டித் தரவரிசையில் அவருக்குக் கிடைத்தது 11ஆம் இடம். இறுதியில் எதிராளி ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க். ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் சிறு முளைகள் வெளியே தெரியும் ரப்பரைப் பயன்படுத்தும் அரிய ஆட்டக்காரர். அத்தகைய ரப்பரிலிருந்து பந்து சுழற்சி குறைந்து தட்டையாக வரும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். மா லோங் 4-1 என்று வென்றார். ஜுவாங் சேடோங்குக்குப் பிறகு, அதாவது 54 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆண்கள் ஒற்றையர் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர் அவரே.

ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் 32 வயதில் வந்தார். தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் ஆட்டம் இங்கே நடந்தது. மூன்றாம் சுற்றில் அவரை எதிர்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த சரத் கமல். அப்போது அவருக்கு வயது 39. முதல் செட்டை மா லோங் எடுக்க, இரண்டாவதைச் சரத் 11-8 என்று வென்றார். மூன்றாவது செட் 11-11 வரை சென்று 13-11 என்று மா லோங்கிடம் போனது. அதன் பிறகு மா லோங் ஆட்டத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து 4-1 என முடித்தார். ஆனால் அந்த மூன்று செட்களில் உலகின் மிகச் சிறந்த வீரரை ஒரு சென்னைக்காரர் சரிக்குச் சரியாக நிறுத்தினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்திதான். மா லோங் அந்தப் போட்டியில் அரையிறுதியில் ஜெர்மனியின் டிமிட்ரி ஒவ்சரோவை ஏழு செட்களில் கடந்தார். இறுதியில் ஃபான் ஜென்டோங்கை 4-2 என்று வென்றார். ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆண் வீரர் ஆனார்.

இதோடு ஒலிம்பிக் தங்கம் இரண்டு, உலகச் சாம்பியன் பட்டம் மூன்று, உலகக் கோப்பை இரண்டு என்று ஆகிவிட்டது. மூன்று பட்டங்களையும் குறைந்தது இரண்டிரண்டு முறை வென்றதை இரட்டைக் கிராண்ட் ஸ்லாம் என்கிறார்கள். ஆண்களில் இதை எட்டியவர் மா லோங் மட்டுமே. பெண்களில் ஜாங் யினிங் 2009இலேயே இதைச் செய்துமுடித்தார். அவர் பெயர் இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போவது நியாயமில்லை.

2024 ஏப்ரலில், 35 வயதில், மக்காவில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லின் காவ்யுவானிடம் முதல் மூன்று செட்களையும் இழந்த பிறகு அடுத்த நான்கையும் வென்று அவர் மூன்றாவது உலகக் கோப்பையைப் பெற்றார். சில மாதங்களில் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. தொடக்க விழாவில் சீனக் கொடியை ஏந்தியவர்களில் ஒருவர் அவர். ஆனால் ஒற்றையர் பிரிவுக்கான இரண்டு இடங்கள் ஃபான் ஜென்டோங்குக்கும் வாங் சூச்சினுக்கும் சென்றன. லண்டனில் ஆடியது போலவே மா லோங் அணியின் மூன்றாவது ஆளாக, இரட்டையர் ஆட்டங்களில் வாங் சூச்சினுக்குத் துணையாக ஆடினார். ஒற்றையர் தங்கத்தை வென்ற ஃபான் ஜென்டோங் கிராண்ட் ஸ்லாம் வென்ற ஆறாவது ஆண் ஆனார். அணிப் பிரிவு இறுதியில் சீனா ஸ்வீடனை 3-0 என்று வென்றபோது மா லோங்குக்கு ஆறாவது ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது; சீனாவின் எந்த விளையாட்டு வீரரும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.